இருபதாம் வசனம்

ஞானசௌந்தரி அக்கா எந்தப் பிரசங்க பீடத்திலும் ஏறியதில்லை. முதலில் பெண்களை ஏற்றவில்லை. பிறகு ஏற்றத் தொடங்கியபோது அவருக்கு ஏறத் தோன்றவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவர் வேலை. கட்டில் கட்டிலாகப் போவார். எதை வாசிக்கட்டும் என்று கேட்பார். வாசிப்பார், மூடுவார், அடுத்த கட்டிலுக்குப் போவார். தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார்.

இருந்தாலும் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய பிரசங்கியார்கள் நாலைந்து பேர் அவரிடம் உட்கார்ந்து வேதம் படித்தவர்கள்தான். அதில் ஒருவர் எலியேசர்.

எலியேசருக்கு நாற்பத்தாறு வயது, அக்காவுக்கு அவரைவிட ஒன்பது வயது கூடுதல். எலியேசரின் குரல் வாகான குரல். மைக் கெட்டுப்போனாலும் கூட்டம் கெடாது. அதைவிடப் பெரிய காரியம், அதிகாரமும் வசனமும் அவர் வாயிலிருந்து மூச்சுவிடாமல் வந்து விழும். சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்ததில்லை. அவர் போகிற வேகத்தில் எங்கே புரட்டுவது?

நவம்பர் மாதம் ஒரு காலையில் அவர் அக்காவைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா ஆண்கள் வார்டில் இருந்தார். எலியேசர் சுவரோரமாக நின்றார். வழக்கமாக வாசலிலேயே ஸ்தோத்திரம் சொல்லி வார்டையே திரும்பிப் பார்க்க வைக்கிறவர் அன்று வாயே திறக்கவில்லை.

அக்கா பக்கத்தில் வந்ததும் எலியேசர் கேட்டார்: "அக்கா, ஒரு சந்தேகம். ஆவியானவர் நடத்தும்போது பிரசங்கத்துல வார்த்தை தானா வருமே. அது வேதத்துல எழுதியிருக்கணும்னு கட்டாயம் உண்டா?"

"யாருக்கு வந்த சந்தேகம்?"

"சும்மா, பொதுவாக் கேக்கேன்."

"பொதுவாக் கேக்கதுக்கு ரெண்டு பஸ் மாறி வரமாட்ட. யாருகிட்ட என்ன சொன்ன?"

எலியேசர் சுற்றிவளைத்துத்தான் ஆரம்பித்தார். அக்கா எதுவும் கேட்காமல் நின்றதால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சாலோம்விளையில் அன்னபாக்கியம் என்று ஒரு விதவை. ஒரே மகன் ரூபன், இருபத்துமூன்று வயது. வேலை பார்த்த ஊரில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டான். போன வருஷம் அக்டோபரில் நடந்தது. அடக்க ஆராதனைக்கு எலியேசரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வேறு ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு நேரே வந்தார். எதையும் தியானித்து வரவில்லை. தயாரிக்காமல் போய் நிற்பதை அவர் கொஞ்ச காலமாக ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்பார்.

பெட்டியின்மேல் விழுந்துகிடந்த அந்தத் தாயைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. அது பொய்யில்லை. இவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று நெஞ்சு கிடந்து துடித்தது. அதுவும் பொய்யில்லை. அந்தத் துடிப்பில் வாயில் வந்தது இது: "உன் வீட்டு விளக்கை நான் அணைக்கவில்லை, அதை என் வீட்டில் ஏற்றிவைத்தேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்."

கோயிலே விம்மியது. எங்கே எழுதியிருக்கிறது என்று அவரே உரக்கக் கேட்டார், அவரே பதிலும் சொன்னார். எரேமியா முப்பத்தொன்பதாம் அதிகாரம், இருபதாம் வசனம்.

எண்ணைச் சொன்ன அந்த நொடியில், இப்படி ஒரு வசனம் தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் ஜனங்கள் ஆமென் சொல்லிவிட்டார்கள். ஆமென் சொன்ன பிறகு திரும்பிப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அடக்கத்தில் சொன்ன வசனத்தைக் கல்லில் வெட்டிக் கல்லறையில் பதிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அன்னபாக்கியமும் பதித்தார். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஜெபம் பண்ண எலியேசரை மறுபடியும் கூப்பிட்டார்கள். எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து, கேந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ரூபனின் கறுப்புக் கல்லில் எரேமியா முப்பத்தொன்பது இருபது மின்னிக்கொண்டிருந்தது. அதோடு போகவில்லை. வசனம் நன்றாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு வீட்டார் தங்கள் கல்லிலும் அதையே வெட்டி வைத்திருந்தார்கள்.

அன்னபாக்கியம் அவரிடம் வந்து மெதுவாகக் கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்த வசனத்தைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார். வீட்டிலிருந்த வேதப்புத்தகத்தில் அந்த அதிகாரம் பதினெட்டாம் வசனத்தோடு நின்றது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வேறொன்று வாங்கினார். அதிலும் பதினெட்டுதான். போதகர் ஐயாவின் பெரிய புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அதிலும் அப்படித்தான்.

"நீங்க அவசரத்துல நம்பர மாத்திச் சொல்லியிருப்பீய ஐயா," என்றார் அன்னபாக்கியம். "யாருக்கும் வரும். அதான் ஆதியாகமத்துல இருந்து தேடிட்டு வாரேன். வேற எங்கயாச்சும் இருக்கும்லா?"

பார்த்துச் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு எலியேசர் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் போனில் தேடினார், ஒத்தவாக்கியப் புத்தகத்தில் விளக்கு என்ற வார்த்தை வருகிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இல்லை என்று முன்பே தெரிந்த ஒன்றைத் தேடுகிறோம் என்பதே பெரிய வெட்கமாக இருந்தது.

இவ்வளவையும் அக்கா கேட்டுக்கொண்டார்.

"போய்ச் சொல்லு," என்றார்.

எலியேசர் விடவில்லை. அந்தத் தாய் ஒரு வருஷமாக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருக்கிறாள், அதைப் பிடுங்குவது எந்த அன்பில் சேர்த்தி என்று கேட்டார். வார்த்தை நல்ல வார்த்தைதானே, வேதத்துக்கு விரோதமாக எதுவும் இல்லையே என்றார். அழுதுகொண்டே சொன்னோமே, அந்த அழுகை யார் கொடுத்தது என்றும் கேட்டார். பேசப் பேச அவருக்கே பழைய குரல் திரும்பி வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா அவரைக் கடைசிக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பரமானந்தம் என்ற உப்பளத் தொழிலாளி படுத்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வாரம் தாண்டினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பரமானந்தமும் அறிந்திருந்தார்.

"அண்ணே, இவர் பெரிய பிரசங்கியார். உங்களுக்கு ஒரு வசனம் வாசிப்பார்," என்று சொல்லிவிட்டு அக்கா தன் வேதப்புத்தகத்தை எலியேசர் கையில் வைத்தார். "எரேமியா முப்பத்தொன்பது, இருபது. வாசி."

எலியேசர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரமானந்தம் தலையைச் சாய்த்து எலியேசரின் வாயையே பார்த்தார். சாகப்போகிற மனுஷன் ஒருவன் நம் வாயைப் பார்ப்பதற்கும், பந்தலில் ஆயிரம் பேர் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எலியேசர் புரட்டினார். முப்பத்தொன்பதாம் அதிகாரம் வந்தது. பதினேழு. பதினெட்டு. அதற்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம், பிறகு நாற்பதாம் அதிகாரம்.

மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். பரமானந்தத்துக்கு எழுத்துத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலவே விளக்கைப் பற்றிய அந்த வரியைச் சொன்னால் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். எலியேசருக்கு அந்த யோசனை வந்தது. வந்ததே என்று உடம்பு கூசியது.

"அதிகாரம் பதினெட்டோட முடிஞ்சிருதுண்ணே," என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"இருக்கிறத வாசிங்கய்யா," என்றார் பரமானந்தம்.

எலியேசர் பதினெட்டாம் வசனத்தை வாசித்தார். சேற்றுக் குழியில் கிடந்த தீர்க்கதரிசியைத் தூக்கிவிட்ட ஓர் அரண்மனை வேலைக்காரனுக்கு, நீ என்னை நம்பினபடியால் உன்னைத் தப்புவிப்பேன் என்று கர்த்தர் சொல்லியனுப்பிய வசனம் அது. எலியேசர் இருபது வருஷப் பிரசங்கத்தில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. பரமானந்தம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த வேலைக்காரன் பேரைக் கேட்டார். எலியேசருக்கு நினைவில்லை. இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் எலியேசர் சாலோம்விளைக்குப் போனார்.

அன்னபாக்கியம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சங்கீதம் நூற்றுப்பத்தொன்பதில் இருந்தார். விரல் வரியின் கீழே நகர, உதடும் கூடவே நகர்ந்தது. இந்தச் சங்கீதம் ரொம்ப நீளம், ஒரு வாரமாக ஓடுகிறது என்று சிரித்தார். பிரசங்கியார் வசனத்தைக் கண்டுபிடித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

எலியேசர் வாயெடுக்குமுன் அன்னபாக்கியம் தான் வாசித்ததைச் சொல்லத் தொடங்கினார். அவருக்கும் சொல்ல ஆள் வேண்டுமே. பலிகளைப் பற்றிய சட்டதிட்டங்கள் புரியவில்லை, ஆனாலும் ஒரு வரி விடவில்லை, வசனம் அதற்குள் எங்காவது ஒளிந்திருந்தால் என்ன செய்வது? அப்படியே வந்துகொண்டிருந்தவர் தாவீது ராஜாவின் பிள்ளை செத்துப்போன இடத்தில் நின்றுவிட்டாராம்.

"எந்திரிச்சு முகம் கழுவிச் சாப்பிட்டாராம் ஐயா. நான் அவன்கிட்டப் போவேன், அவன் எங்கிட்ட வரமாட்டான்னுட்டாராம். மூணு நாளு அந்தப் பக்கத்தத் தாண்ட முடியல எனக்கு. அதுக்கப்புறந்தான் சோறு இறங்குச்சு. இத ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல?"

எலியேசருக்கு அந்தப் பகுதி தலைகீழாகத் தெரியும். வேதப்பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவர். அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசினாரே, அப்போது அது ஏன் வாயில் வரவில்லை? வரவிட்டிருந்தால் வந்திருக்கும். ஆனால் அதில் ஆமெனுக்கு வழியில்லை, அவன் திரும்பி வரமாட்டான் என்று வேறு இருக்கிறது. அவருக்கு நாற்காலியில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

"அம்மா, அந்த வசனம் வேதத்துல இல்ல."

"எரேமியால இல்லைன்னு தெரியும் ஐயா. வேற எதுல—"

"எதுலயும் இல்லம்மா. நானாச் சொன்னது. நம்பரும் நானாச் சொன்னது."

அன்னபாக்கியத்தின் விரல் வரியை விட்டு நகரவில்லை.

"அப்ப, கர்த்தர் சொல்லலியா?"

"இல்லம்மா."

"எம்புள்ள அவரு வீட்டுல இருக்கான்னு, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எலியேசருக்கு, அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. மண்ணை வாரித் தூற்றினாலும் தேவலை. அன்னபாக்கியம் அழுதார், அதுவும் சத்தமில்லாமல், புத்தகத்தில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

கல்லை எடுத்துவிட்டு வேறு கல் தானே பதித்துத் தருவதாக எலியேசர் சொன்னார். தாவீது சொன்னதையே வெட்டலாம் என்றார். அன்னபாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"கல்ல எடுக்க வேண்டாம். ஒரு வருஷம் அத நம்பி இருந்திருக்கேன். கீழ கர்த்தர் சொல்லுகிறார், எரேமியான்னு இருக்கிறத மட்டும் கொத்தி எடுத்துட்டு, உங்க பேரப் போடச் சொல்லுதேன். யாரு சொன்னதோ அவிய பேருதான இருக்கணும்."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எலியேசருக்குத் தாங்கவில்லை. அச்சுப் பிழையைத் திருத்துகிறவர் போலச் சொன்னார்.

பிறகு, மற்ற இரண்டு வீட்டுக்கும் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும், எனக்கு வாய் வராது என்றார். எலியேசர் போனார். முதல் வீட்டில் பாதி கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் முழுக்கக் கேட்டுவிட்டு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று காபி போட்டுக் கொடுத்தார்கள். சாத்தின கதவே மேல் என்று இருந்தது. கல்லறைத் தோட்டத்தைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே கடந்தார்.

நாலு நாள் கழித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கடைசிக் கட்டில் காலியாக இருந்தது. பரமானந்தம் முந்தின நாள் காலையில் போய்விட்டார் என்று அக்கா சொன்னார். அந்த வேலைக்காரன் பேரை மறந்துவிடாமல் இருக்க இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டாராம்.

எலியேசர் நடந்ததையெல்லாம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபின்பும் நின்றுகொண்டே இருந்தார். அக்கா காத்திருந்தார்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா கேப்பா."

"என்ன சொல்லணும்?"

"என் பேர் வேண்டாம்னு. நாளைக்குக் கொத்தனார் வாராராம். ஞாயித்துக்கிழமை எந்தச் சபையில வேணும்னாலும் நின்னு அறிக்கை பண்ணுதேன். பீடத்துல ஏறாதன்னாலும் ஏறல. ஆனா கல்லுன்னா, என் பிள்ளைக காலத்துக்கும் நிக்குமே. ஒரு செத்த பையன் தலைமாட்டுல, அந்த வார்த்தைக்குக் கீழ என் பேரு. வாரவன் போறவன்லாம் வாசிப்பான். அந்த வீட்டு விளக்கை நான் எந்த வீட்டுல ஏத்திவைக்க முடியும்? நான் யாரு?"

எலியேசருக்கு அழுகை முட்டியது. அழுகையோடு கொஞ்சம் ஆத்திரமும் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே முடிவு பண்ணிட்டா அக்கா. என் பேரைப் போடணும்னா என்னையில்லா கேக்கணும்?"

"அன்னைக்கு நீ கர்த்தர் பேரைப் போட்டப்போ, அவர்கிட்ட கேட்டியா எலியேசர்?" என்றார் அக்கா.